சாயம்

கருங்காலி வரவில்லை.
துறைமுகத்தில் தாள் ஒன்று குறைகிறதாம்.
அந்தத் தாளுக்காக மூன்று மாதமாய்
என் பட்டறைச் சுவரில் ஓர் ஆணி காத்திருக்கிறது.

ரெகினில் மரப் பஞ்சம் என்றால்
முரெஷ் ஆறு சிரிக்கும்.
மேலே குர்கியூ பள்ளத்தாக்கு முழுக்க
ஸ்ப்ரூஸும் மேப்பிளும் தோளோடு தோள்.
ஆனால் விரற்பலகைக்கு வேறு குணம் வேண்டும்.
கிட்டாரின் வயிறு பாடட்டும், முதுகு மினுங்கட்டும்,
கழுத்தின் மேல் ஒட்டுகிற இந்த ஒற்றைப் பலகைதான்
அடி வாங்குவது:
எஃகுக் கம்பி, வியர்வை, நகம்,
கல்யாண வீட்டுப் பன்றிக் கொழுப்பு.

மேப்பிள் போடலாம். அழுக்கை ஒளிக்கத் தெரியாது அதற்கு.
வால்நட் அழகு, சீக்கிரம் குழிந்துவிடும்.
ஈட்டி மரம் இழைக்கும்போது மணக்கும்,
விலை கேட்டதும் மணம் போய்விடும்.

பாலிந்தின் கொட்டகையில், ஆப்பிள் கூடைகளுக்குப் பின்னால்
பேரி மரத் துண்டு ஒன்று.
பதினோரு வருடம் உலர்ந்தது என்றான்.
பாலிந்த் சொன்னால் ஏழு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன். இளஞ்சிவப்பு.
இரண்டு விரலில் தொங்கவிட்டுத் தட்டினேன்.
உள்ளே ஆள் இருந்து
யாரது என்று கேட்பது போல் ஒலித்தது.

கவ்ரிலுக்குக் கறுப்புதான் வேண்டும்.
பேருந்து ஓட்டுகிறவன்,
சனிக்கிழமைகளில் கல்யாணங்களுக்கு வாசிப்பான்.
"மேடையில் கறுப்புக்குத்தான் மரியாதை.
மூணே கார்டு, எல்லாம் தலைப்பக்கம்.
உடம்புப் பக்கம் என் கை போகவே போகாது."

மாசிக்காய் இடித்து ஊறவைத்து முதலில் பூசினேன்.
ஒரு வாரம் வினிகரில் கிடந்த துருப்பிடித்த ஆணிகளின்
தண்ணீரை அதன்மேல் தடவ,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் இருட்டியது,
மின்சாரம் போன வீடு மாதிரி.
பிறகு காடி வெட்டினேன், இருபது.
ஒரு காடி அரை மில்லிமீட்டர் பிசகினால்
அந்த இடம் ஆயுளுக்கும் பொய் சொல்லும்.
ஃபிரெட் கம்பிகளைச் சுத்தியலால் இறக்கி
நுனிகளை ராவிக் கொடுத்தேன்.
இந்தக் கறுப்புக்கு ஆழம் நகக்கனம்தான் என்றும் சொன்னேன்,
ரசீதின் பின்பக்கம் எழுதியும் வைத்தேன்.

இரண்டு குளிர்காலம் கழித்து
ஃபிரெட் தேய்ந்துவிட்டது என்று கொண்டுவந்தான்.
கம்பிகளைக் கழற்றி விளக்கடியில் பிடித்தேன்.

தலைப்பக்கம் பேருக்கு நாலு கீறல்.
ஒன்பதாவது ஃபிரெட்டுக்குமேல், பன்னிரண்டு வரை,
மெல்லிய இரண்டு கம்பிகளின் அடியில்
ஐந்து இடத்தில் பேரி வெளியே வந்திருந்தது,
விரல்நுனி அளவு.
ஒன்று மட்டும் நீள்வட்டம்.
அங்கே விரல் நின்று நடுங்கியிருக்கிறது.

அவன் வாசலில் புகைத்துக்கொண்டிருந்தான்.
ஒரே ஒரு கம்பியைத் திரும்பப் பூட்டி
அந்த இடங்களில் விரல் வைத்துப் பார்த்தேன்,
எது முதல், எது பிறகு என்று தெரியாமல்.
வரிசை மாற்ற மாற்ற வேறு வேறு மெட்டு.
நாலாவது வரிசையில்
என் கை தானாக நின்றுவிட்டது.
அதைக் கல்யாண வீட்டில் வாசிக்க முடியாது.

உள்ளே வந்தவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"சாயம் வெளுத்துப்போச்சு" என்றான்.
"ஆமாம்."
"திரும்பக் கறுப்பாக்கிடு. சவேதாவுக்குக் கண் கூர்மை."
நாளை மறுநாள் வா என்றேன்.
எங்கே, எப்போது, யாருக்காக என்று
கேட்பதற்கு எனக்குக் கூலி இல்லை.

மாசிக்காய். ஆணித் தண்ணீர்.
ஒவ்வொன்றாக ஐந்தும் அணைந்தன.
குழிகளை மட்டும் நான் நிரவவில்லை.
கண்ணுக்குத் தெரியாது,
விரலுக்குத் தெரியும்.

போன வாரம் கருங்காலி வந்து சேர்ந்தது.
அடிவரைக்கும் கறுப்பு, எத்தனை தேய்த்தாலும் கறுப்பு.
கவ்ரிலுக்கு ஃபோன் செய்யலாம்.
ஆணியில் தாளை மாட்டினேன்.
இன்னும் செய்யவில்லை.